அந்த ‘மட்டுமே’ எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டுரையில், ‘சைட்டோகைன் ஏற்பிகள் புற்றுச் செல்களில் மட்டுமே முளைக்கின்றன’ என்று ஒரு வரி. (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அனுப்பும் புரதம் சைட்டோகைன்; அந்தச் சேதியைக் கேட்கும் செல்லின் காது, ஏற்பி.) அந்த ‘மட்டுமே’யைச் சேர்த்த புண்ணியவான் யார்? கட்டுரையாளரா, இடம் மிச்சம் பிடிக்கும் உங்கள் ஆட்களா?

நோயியல் ஆய்வகத்தில் 31 வருடம் மெழுகுக் கட்டியை 4 மைக்ரான் தடிமனில் சீவி, ஸ்டெயின் போட்டவன் நான். டாக்டர் இல்லை. என் முந்தைய இரண்டு கடிதங்களும் வெளிவராததற்கு அதுதான் காரணமோ என்னவோ. சரி, அது போகட்டும்.

ஒருநாள் ஒரே ஸ்லைடில் கட்டியும், அதை ஒட்டி அதே நோயாளியின் நல்ல குடலும் வந்தன. டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைனின் ஏற்பியைத் தேடிப்பிடிக்கும் ஆன்டிபாடி போட்டேன்; ஏற்பி இருந்தால் பழுப்பு, இல்லையென்றால் நீலம். நல்ல பக்கத்தில் குடல் உள்வரியின் குழிகளெல்லாம் பழுப்பேறின. புற்றுச் செல்களோ வெறும் நீலம். ‘ஸ்டெயின் பிடிக்கவில்லை, திரும்பப் போடு’ என்றார் டாக்டர். திரும்பச் சீவினேன், திரும்பப் போட்டேன். அதே பழுப்பு, அதே நீலம். கட்டிக்கு நடுவே ஓடிய ரத்தக்குழாயின் சுவர்கூடப் பழுப்பாகத்தான் இருந்தது. பிறகு எங்கே பிடிக்காமல் போனது?

காரணம் தாங்கள் அறியாததல்ல. அந்த ஏற்பியின் மரபணுவில் டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான அடினைன் 10 முறை வரிசையாக நிற்கும் ஓர் இடம் உண்டு. டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான செல், படியெடுக்கும்போது அங்கே எழுத்தை விட்டுவிடும். ஏற்பி அரைகுறையாக நின்றுபோகும். ‘வளர்ந்தது போதும்’ என்று டிஜிஎஃப்-பீட்டா சொன்னால் கேட்க அந்தச் செல்லுக்குக் காது இல்லை. 1995இலேயே வெளிவந்த செய்தி இது. அந்த வகைக் கட்டியில் ஏற்பி முளைக்கவில்லை ஐயா, தொலைந்துபோயிருக்கிறது!

நல்ல குடலில் ஏற்பியே இல்லை என்றால், இன்டர்லூகின்-10 என்ற இன்னொரு சைட்டோகைனின் ஏற்பி பழுதாகப் பிறந்த குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே குடல் புண்ணாகிப் போவானேன்? அது தெரிந்ததும் 2009இல். இன்டர்லூகின்-22 ஏற்பியும் ஆரோக்கியமான உள்வரிச் செல்களில்தான் இருக்கிறது, புண்ணை ஆற்றத் துணைபோகிறது. அதே சமிக்ஞையைக் கட்டியும் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளும். இன்னும் சிலர் திசுவை அரைத்து, மரபணுவின் நகலான ஆர்என்ஏவை அளந்துவிட்டு, ‘ஏற்பி கூடியிருக்கிறது’ என்பார்கள். கூடியது புற்றுச் செல்லிலா, உள்ளே புகுந்த வெள்ளணுக்களிலா? அரைத்த பிறகு யாரைக் கேட்பது?

என் உறவினர் ஒருவர் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, ‘இந்த ஏற்பியை அடைக்கிற மருந்து நல்ல செல்லைத் தொடவே தொடாதாமே’ என்று ஆசையோடு கேட்டார். அவர் மனைவிக்குச் சிகிச்சை நடக்கிறது. பதிலை நான் சொல்ல வேண்டியதாயிற்று, நீங்கள் அல்ல.

போன வருடம் ‘ஆரோக்கியமான பெருங்குடல்’ என்று ஒரு வண்ணப்படம் போட்டீர்கள். அதில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தது சிறுகுடல். பெருங்குடலில் அந்த விரல்கள் ஏது? அப்போதும் எழுதினேன். அதற்கு முந்தைய கடிதம் எதைப் பற்றி என்பது எனக்கே மறந்துவிட்டது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், ‘மட்டுமே’ என்பது தவறு என்று இரண்டு வரி. அப்புறம், கட்டியின் படம் போடும்போது பக்கத்திலேயே நல்ல திசுவின் படத்தையும் போடுங்கள். விரல் இல்லாத பெருங்குடல் படம் கிடைக்கவில்லை என்றால் சொல்லியனுப்புங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர், உங்கள் நெடுநாள் வாசகர்