சௌக்கியமா என்று கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாண சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து, நோயாளிகளுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ் பற்றி எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. போன வருஷம் தினமும் காலை ஏழு மணிக்கு நானே எஸ்எம்எஸ் அனுப்பி வந்தேன்: "அம்மா, மாத்திரை போடுங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை வைக்கும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தேன். இரண்டு மாத அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. அம்மா மறக்கவில்லை. அம்லோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஆரம்பித்ததிலிருந்து கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையவில்லையாம். "போடு போடுன்னுதான் அனுப்பினே, எப்படி இருக்குன்னு கேக்கலையே" என்றார். அந்த மருந்துக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவுதான். சொன்னதும் டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

கென்யாவில் எச்ஐவி மருந்து எடுக்கும் 538 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை சுவாஹிலி மொழியில் "மம்போ?" என்று எஸ்எம்எஸ் போகும். நம் "சௌக்கியமா?" மாதிரிதான். நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ பேச்சே கிடையாது. பேரப்பிள்ளைகள் கையில் போன் புழங்கும் வீட்டில் அது பெரிய நிம்மதி. "சாவா" என்று பதில் வந்தால் சரி. "ஷிடா" என்றால் கஷ்டம். கஷ்டம் என்று வந்தாலும், இரண்டு நாளில் பதிலே வராவிட்டாலும் கிளினிக்கிலிருந்து கூப்பிடுவார்கள். இவர்களில் மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் 62 சதவீதம், மற்றவர்களில் 50.

நம் கேப்டவுனில் ரத்தக்கொதிப்பு உள்ள 1,372 பேரிடம் நடந்த எஸ்எம்எஸ் ஆய்வு 2016இல் வந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம்தான் குறைந்தது. பதில் அனுப்ப வசதி கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. ஆனால் அங்கே பதில் சொன்னது கம்ப்யூட்டர். வித்தியாசம் அதில்தான் என்பது என் எண்ணம்.

எஸ்எம்எஸ் அனுப்புவது உங்களுக்குப் புதிதில்லை. கர்ப்பிணிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் மாம்கனெக்ட் திட்டம் 2014இலேயே வந்துவிட்டது. நான் கேட்பது வாரம் ஒரு கேள்வியும், பதிலைப் படித்துக் கூப்பிட ஓர் ஆளும். அந்தக் கேள்வி தமிழிலும் வரட்டும்; நம் அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு தமிழையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழே போதும். அப்புறம், பதில் அனுப்பக் காசு பிடிக்கக் கூடாது. போனில் ஏர்டைம் இல்லாமல், கூப்பிடச் சொல்லும் 'ப்ளீஸ் கால் மீ' என்ற இலவசச் செய்தி அனுப்பிக் காத்திருக்கும் ஊர் இது.

முதலில் ஒரே ஒரு கிளினிக்கில் தொடங்குங்கள். அம்மாவைக் கேட்டுவிட்டேன். தன் நம்பரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசி ஒருவர்