கொய்யாக் கவட்டையும் பத்து மீட்டரும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் மூன்று குரல் செய்திக்கும் பதில் இல்லையென்று திட்டித் தீர்த்திருப்பாய். திட்டிக்கொள். நானும் பேசி அனுப்பினால் உன் வீட்டில் யார் காதில் விழுமோ, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை, ரம்புத்தான் பூ முழுக்கக் கொட்டிப்போயிற்று. கிராணி மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று. அதற்கும் அதே மஞ்சள் சட்டையில்தான் போனானாம்.

வழக்குக்கு வருகிறேன். உன் மகளுக்குப் பதினொரு வயது, துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து ஏர் ரைபிள், அதாவது காற்றுத் துப்பாக்கி, பழக வேண்டும் என்கிறாள். தங்கச்சி, பெண்பிள்ளை கையில் துப்பாக்கியா என்று மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அம்மா அழுகிறார். நீ என்னை நாட்டாமையாக்கிவிட்டு, கடைசிக் குரல் செய்தியின் வாலில், "சின்னவனுக்கு உண்டிவில் லாஸ்டிக் செஞ்சி கொடுத்துட்டேன்டா, பேரிங் குண்டு போட்டு பின்சந்துல பின்னி எடுக்கிறான்" என்று சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. உன் வீட்டில் மூன்று வாரமாகச் சண்டை நடப்பது தப்பான சாமானைப் பற்றி.

கணக்குப் போடு, ஆறாம் வகுப்பிலிருந்தே உனக்கு அது வரும். போட்டி ஏர் ரைபிளின் ஈயக் குண்டு 4.5 மில்லிமீட்டர், எடை அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும். ஏழரை ஜூல் சக்தி வருகிறது. நீ கொடுத்த பேரிங் குண்டு 9.5 மில்லிமீட்டர் என்றால் எடை மூன்றரை கிராம். நல்ல ரப்பரில் வளர்ந்த ஆள் இழுத்தால் 60 மீட்டர் வேகம் வரும், ஆறு ஜூலைத் தாண்டும். எட்டு வயதுப் பையன், 45 மீட்டர்தான் என்று வைத்தாலும் மூன்றரை ஜூல். ஒரு கண்ணைப் போக்க அதுவே போதும். அந்த ஏழரை ஜூல் சுவர் கட்டிய இடத்தில், பயிற்சியாளர் முன்னால், கதவு பூட்டி நடக்கிறது. இந்த மூன்றரை ஜூல் உன் பின்சந்தில், பக்கத்து வீட்டுக்காரன் காருக்கும் துணி காயப்போடும் அக்காவுக்கும் நடுவில் நடக்கிறது. வானத்தைப் பார்த்து விட்டானானால் குண்டு நூறு மீட்டரைத் தாண்டி யார் வீட்டு ஜிங்க் கூரையிலோ விழும்.

அம்மா அழுவதைக் கேலி செய்யாதே. அவர் பிறந்து வளர்ந்தது எல்பில் ரப்பர் தோட்டத்துப் பக்கம். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊரில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டதிலிருந்துதான் மலாயாவில் பிரிட்டிஷார் போட்ட அவசரகாலமே ஆரம்பித்தது. அதற்குப்பிறகு பெர்மிட் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு ஜெயிலில் தூக்கிலிடப்பட்டது அந்தச் சட்டத்தில்தான். துப்பாக்கி என்ற சொல்லையே வீட்டுக்குள் மெதுவாகப் பேசிய தலைமுறை அது. அந்தப் பயம் இன்றைக்கும் வீண் இல்லை. அவசரகாலம் முடிந்த அதே 1960இல் வந்த ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு வருடம் வரை சிறை. ஆன்லைனில் மலிவாக வருகிறது, ஒன்று வாங்கி வீட்டிலேயே பழக்கலாம் என்று உன் தாமான் குடியிருப்புச் சிங்கம் எவனாவது யோசனை சொன்னால் காதைப் பொத்திக்கொள். பிள்ளை பழகும் ரைபிள் கிளப்பினுடையதாக இருக்க வேண்டும், அங்கேயே பூட்டிக் கிடக்க வேண்டும். அம்மாவிடம் "சாமான் வீட்டுக்கு வராது" என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல், பாதி அழுகை நிற்கும்.

கிளப்பில் என்ன நடக்கும் என்று தங்கச்சிக்குத் தெரியாது, அதுதான் மிச்சப் பாதி. முதல் நாளே டமால் டுமால் இல்லை. எந்தக் கண் ஆளும் கண் என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டு கையையும் நீட்டி நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வைத்து, இரண்டு கண்ணாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல். ஒரு கண்ணை மூடினாலும் கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நின்றால், திறந்திருக்கிற கண்தான் ஆளும் கண். வலக்கைக்காரப் பிள்ளைக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருந்தால் ஆரம்பத்திலேயே இடப்பக்கம் பழக்குவது நல்லது, பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அப்புறம் வாரக்கணக்கில் குண்டே இல்லாமல் பழகுவார்கள். குழாய் எப்போதும் இலக்குப் பக்கம். சுடாத நேரத்தில் உள்ளே கொடி, அதாவது குழாய் காலி என்று காட்டும் பளிச்சென்ற கயிறு. சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. "ஸ்டாப்" என்ற குரல் கேட்டால் பாதி மூச்சில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். குழாய் முனையில் 20 சென் காசை வைத்து வெறும் விசையை அழுத்தச் சொல்வார்கள், காசு விழக்கூடாது. உன் மகள் அன்றைக்குச் சிரிப்பாள். பத்தாவது தடவை சிரிக்க மாட்டாள்.

நிற்கிற முறைதான் இதில் பெரிய பாடம். ரைபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. பதினொரு வயதுக்கு அது எமன், அதனால் முதலில் ஸ்டாண்டில் முட்டுக் கொடுத்துத்தான் சுட வைக்க வேண்டும். முட்டு இல்லாமல் நிற்கும் வயது வந்ததும் இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றுவார்கள். எடையை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கினால் நடுங்கும். குறி வைத்தபிறகு கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல். குறி விலகியிருந்தால் கையால் இழுத்து நேர் செய்யக்கூடாது, பாதத்தை நகர்த்த வேண்டும். கையால் இழுத்தால் சுடும் கணத்தில் உடம்பு பழைய இடத்துக்கே திரும்பும், குண்டும் கூடவே போகும். ரைபிளை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் குண்டு வலப்பக்கமும் கீழேயும் இறங்கும். பிள்ளைகள் அதைப் பார்க்காமல் குறிகாட்டியைத் திருகித் திருகி இன்னும் கெடுப்பார்கள்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் ஆறு முதல் எட்டு நொடிதான் கணக்கு. அதற்குள் போகவில்லையென்றால் ரைபிளை இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இறக்கத் தெரியாத பிள்ளைதான் தோற்கும். அதை இழுத்துப் பிடித்துச் சுட வைப்பது பெரும்பாலும் பின்னால் கைகட்டி நிற்கும் அப்பாதான், உன்னை எனக்குத் தெரியும். நீ வெளியே போய்த் தே தாரேக் டீ குடி.

இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி என்ன அளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். இந்தக் கடிதத்தில் நான் வைக்கும் முற்றுப்புள்ளி அதைவிடப் பெரிது. பத்து மீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தன்னைவிட ஒன்பது மடங்கு அகலமான குண்டால் அதைத் தொட வேண்டும். தகுதிச் சுற்றில் அறுபது தடவை, 75 நிமிடத்துக்குள். கண்டதையும் சுடத் துடிக்கும் பிள்ளைக்கு இது பிடிக்கவே பிடிக்காது, ஒரு மாதத்தில் தானே நின்றுவிடும். மேசையில் மூன்று மணிநேரம் கோலம் போடும் உன் மகளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கச்சிக்கு "பெண்பிள்ளை" என்பது கவலையென்றால் நம் மலேசியாவின் நூர் சுர்யானியைச் சொல். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுட்டவர். கடலூரில் பிறந்த நம் பிள்ளை இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காகத் தோக்கியோவிலும் பாரிசிலும் சுட்டது. பாரிசில் அதே போட்டியில் தங்கம் வாங்கிய கொரியப் பெண் பான் ஹியோ-ஜின்னுக்கு அப்போது பதினாறு வயது. சுட ஆரம்பித்து மூன்றே வருடம்.

கிளப்பில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நானும் பயப்படுவேன், அது ஈயம். பிள்ளைகள் உடம்பில் இத்தனை ஈயம் போனால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. குண்டைத் தொட்ட கையால் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. குண்டை உதட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பயல்களுக்கு உண்டு, தலையில் குட்டு. சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தரையை விளக்குமாற்றால் கூட்டினால் தூசி எழும்பும், ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் போய்ப் பார். விளக்குமாறு மூலையில் சாத்தியிருந்தால் கேள்வி கேள். ரைபிளின் காற்றுச் சிலிண்டரில் தேதி அடித்திருக்கும், 200 பார் அழுத்தம் ஏறும் சாமான் அது. பத்து வருடம் தாண்டியதைக் கையில் கொடுத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.

"சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளை எங்கே துப்பாக்கியைப் பார்த்தாலும் ஒழுங்காக நடந்துகொள்ளும்" என்று நீ சொன்னாயே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்காவில் அப்பாக்கள் சொல்வதும் அதுதான். 2001இல் அங்கே மருத்துவர்கள் சோதித்தார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, மேசை இழுப்பறையில் குண்டில்லாத நிஜக் கைத்துப்பாக்கியை வைத்தார்கள். அதைக் கண்டுபிடித்த குழுக்களில் நாலில் மூன்று எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய பாதியில் ஒருவன் விசையையே இழுத்தான். அதில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்! 2014இல் அரிசோனாவில் ஒன்பது வயதுப் பெண்ணிடம் உசி என்ற தானியங்கியைக் கொடுத்தார்கள். அது கையில் அடங்காமல் மேலே ஏறிப் பக்கத்தில் நின்ற பயிற்சியாளரே செத்துப்போனார். ஜெர்மனியில் ஏர் ரைபிளுக்குப் பொதுவிதி பன்னிரண்டு வயது, சிறு குண்டு .22 ரைபிளுக்குப் பதினான்கு, அதுவும் சுடுதளத்தில் கண்காணிப்போடு. எனக்கு அந்த ஜெர்மன் புத்திதான் பிடிக்கிறது. பாடம் பிள்ளைக்கு வேண்டியதுதான், ஆனால் பாடத்தை நம்பிப் பூட்டைத் திறந்து வைக்கக்கூடாது. உன் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் என்ன கெட்டுப்போகும்? இப்போதைக்குக் கிளப்பில் குண்டில்லாமல் காசும் ஸ்டாண்டும் மட்டும் பழகட்டும். என் தீர்ப்பு அதுதான், தங்கச்சியிடமும் படித்துக் காட்டு.

இப்போது சின்னவன். முதல் வேலையாக இன்றைக்கே அந்தப் பேரிங் குண்டு டப்பாவை எடுத்து ஒளித்து வை. லாஸ்டிக்கைப் பிடுங்காதே. பிடுங்கினால் நாளைக்கே பள்ளிக்குப் பின்னால் இன்னொருத்தனிடம் வாங்கி அடிப்பான். களிமண்ணைச் சுண்டைக்காய் அளவு உருட்டி மூன்று நாள் நிழலில் காய வைத்துக் கொடு. பட்ட இடத்தில் உடைந்து உதிரும், திரும்பி வராது. இரும்புக் குண்டும் கோலிக்குண்டும் மரத்தில் பட்டாலும் மைலோ டின்னில் பட்டாலும் அடித்தவன் மூஞ்சிக்கே திரும்பும். பெரிய அட்டைப்பெட்டியை வாய் இந்தப்பக்கம் பார்க்க வைத்து, உள்ளே பழைய சாரோங்கை இரண்டாக மடித்து மேலே மட்டும் கட்டித் தொங்க விடு. கீழே கட்டாதே. கட்டினால் துணி விறைத்து, குண்டு துள்ளும். தொங்கினால் துணி குண்டை வாங்கிக்கொண்டு பெட்டியிலேயே போடும், பொறுக்கவும் வசதி. பெட்டிக்குப் பின்னால் சுவர், சுவரில் ஜன்னல் கூடாது.

ரப்பரைத் தினம் பார். சைக்கிள் டியூப் வெயிலில் காய்ந்தால் முடிச்சுக்குப் பக்கத்தில் மயிரிழை போல வெடிக்கும். மெதுவாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். குண்டு வைக்கும் தோல் பக்கம் அறுந்தால் ரப்பர் முன்னால் போய்க் கவட்டை பிடித்த கையில் அடிக்கும், வீங்கும், அழுவான், அவ்வளவுதான். கவட்டை முடிச்சில் அறுந்தால் அது கன்னத்துப் பக்கமாகத் திரும்பி வரும், கண் அங்கேதான் இருக்கிறது. அதனால் கவட்டை முடிச்சை மாதம் ஒருமுறை புதிதாய்க் கட்டு. இரண்டு பக்க ரப்பரும் ஒரே நீளம்தானா என்று அளந்து பார், ஒரு பக்கம் குட்டையானால் குண்டு கவட்டையிலேயே மோதும். ஹார்ட்வேர் கடையில் வெல்டிங் கடைக்காரர்கள் வாங்கும் கண்ணில் மாட்டும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கும், அது இல்லாமல் இழுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் நீயும் மாட்டு.

ஒருவேளை கண்ணில் பட்டுவிட்டால் கசக்க விடாதே, தண்ணீர் ஊற்றாதே, மருந்து விடாதே. காகிதக் கப்பைக் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் உட்கார வைத்து ஒட்டு, கண்ணை அமுக்காமல். தலையை நிமிர்த்தி உட்கார வைத்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு. ரத்தம் தெரியவில்லை, வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் படுக்கப்போடாதே. உள்ளே கசிவது வெளியே தெரியாது.

பறவையும் பூனையும் கூடாது என்று முதல் நாளே சொல். மண்டோர் வீட்டுச் சேவல் கதையை மட்டும் அவனிடம் சொல்லித் தொலைக்காதே, அது பாடம் ஆகாது, உற்சாகமாகிவிடும்.

நீ செய்த கவட்டை எந்த மரம்? ரப்பர் மரக் கிளை என்றால் தூக்கிப்போடு, காய்ந்தால் பிளக்கும். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொய்யாவில் நல்ல கவட்டை இரண்டு வெட்டி, வாயை நூலால் இழுத்துக் கட்டி, அடுப்படி நிழலில் போட்டிருக்கிறேன். வெயிலில் காய வைத்தால் வெடிப்பு விடும், அதனால் அவசரப்படுத்தாதே. தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள். பெரியதைக் கேட்டு அடம் பிடிப்பான், சின்னதைக் கொடு.

உன்,
ஒட்டகம்