ஈரல் தழும்பைப் பார்க்க ஊசிதான் வழியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஈரல் நோய் பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று தெரிய, ஊசி குத்திச் சதை எடுத்தே ஆகவேண்டும் என்பதுபோல் முடித்துவிட்டீர்கள். அந்த ஊசிக்குப் பயந்தே இரண்டு வருடம் கிளினிக் பக்கம் தலைகாட்டாதவர் என் மச்சான். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வயது 58, இனிப்பு நீர் உண்டு. "கண்ணுதான் மஞ்சளாகலையே, அப்புறம் என்ன?" என்பார். ஈரல் நன்றாக இறுகிய பிறகும் பலருக்குக் கண் மஞ்சளாவதில்லை.

முதல் கட்டத்துக்கு ரத்தச் சோதனைச் சீட்டே போதும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. அதில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ஈரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதிகள். வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட்டையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். டிங்கி காய்ச்சல் வந்தால் எத்தனை என்று பதறிக் கேட்போமே, அதே பிளேட்லெட்தான்.

மச்சானின் சீட்டில் ஏஎல்டி மட்டும் இருந்தது, ஏஎஸ்டி இல்லை. கேட்ட பிறகுதான் டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏஎஸ்டி 48, ஏஎல்டி 49, பிளேட்லெட் 160 (ஆயிரக் கணக்கில்). தோட்ட ஆபீசில் செக்ரோல் (சம்பளப் பதிவேடு) போட்ட கைக்கு இது பெரிய கணக்கா? 2784ஐ 1120ஆல் வகுத்தேன். ஏறக்குறைய 2.5.

1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. 2.67ஐத் தாண்டினால் நிபுணரிடம் போக வேண்டியதுதான். 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தாது. மச்சான் நடுவில் மாட்டிக்கொண்டதால் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போனார். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, விலா இடுக்கில் ஜெல் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். விரலால் சுண்டுவதுபோல் பத்துத் தடவை, அவ்வளவுதான். இறுகிய ஈரலில் அந்த அதிர்வு வேகமாக ஓடும். அதை வைத்து இறுக்கத்தை அளக்கிறார்கள். அவருக்கு 7.1 கிலோபாஸ்கல். 8க்குக் கீழே என்பதால் இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். (என்ன நோய் என்றே பிடிபடாதபோது ஊசி இன்றும் தேவைதான். ஆனால் அது எடுப்பது ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். தழும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காதே.)

இந்தக் கணக்கை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். இனிப்பு நீருக்கும் பி வகை, சி வகை ஈரல் அழற்சிக்கும் மருந்து வாங்கப் போகிறவர்கள், "ஏஎஸ்டியும் சேர்த்து எழுதுங்க டாக்டர்" என்று கேட்கட்டும்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்