மணியைப் பார்த்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டித்தான் எங்கள் குடும்பம் நடந்தது. என் வீட்டுக்காரருக்கு 56 வயது. போன மார்கழியில் ஒருநாள், வெளுப்பதற்கு முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நல்லபடியாகத்தான் தோட்டத்துக்குப் போனார். 6 மணிக்குத் திரும்பி வந்தவருக்குக் கட்டஞ்சாயா கொடுத்தேன். குடித்த சாயா வாயின் வலது ஓரமாக வழிந்து சட்டையில் விழுந்தது. அது அவருக்கே தெரியவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டால் பேச்சு குழறியது.

பனி தலையில் இறங்கிவிட்டது என்று நினைத்து எண்ணெய் தேய்த்தோம். அப்புறம் ஆட்டோ பிடித்து வர்ம ஆசானிடம் கொண்டுபோனோம். சுளுக்கு, எலும்பு முறிவு என்றால் எங்கள் மாவட்டத்தில் ஆசானைத்தான் முதலில் தேடுவோம். அந்த மரியாதை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அவருக்கு வந்தது பக்கவாதம். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருப்பதைத் தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி 11 தாண்டிவிட்டது.

"கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" இதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. பக்கத்து வரிசையில் வெட்டியவர் 5 மணிக்கு அவரோடு பேசியிருக்கிறார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அதற்கும் முன்னால் சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு அந்த நேரம் ஆசான் வீட்டுத் திண்ணையிலேயே போய்விட்டது. இன்று அவர் இடது கையால் சாப்பிடப் பழகுகிறார்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் குப்பியைத் திறந்தேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தந்த பிரஷர் மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் கிடந்தன. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். பிரஷர் குறைந்ததே மாத்திரையால்தான் என்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சுகரும் அவருக்கு ஆறு வருடமாக உண்டு. சுகர்காரர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம், காரணமில்லாமல் வியர்த்து மூச்சு வாங்கினாலே ஓடி வாருங்கள் என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் புதுச் செய்திதான்.

வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். இரவும் பகலும் சிடி ஸ்கேன் எடுத்து இந்த ஊசி போடும் ஆஸ்பத்திரி நம் மாவட்டத்தில் எது எது என்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும், ரேஷன் கடையிலும் எழுதிப் போடுங்கள். கோயில் கொடையிலும் சர்ச் திருவிழாவிலும் மைக்கில் ஒரு தடவை சொன்னால் மலையோரத்து வீடுகள் வரைக்கும் கேட்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.