எங்கள் கட்சிக்காரர்களுக்கு ஒரு மடல்

காரைக்குடி, மார்கழி

அன்புள்ள கட்சிக்காரர்களுக்கு வணக்கம்.

நம் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அண்ணனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, ஆஸ்பத்திரி பில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, வழக்குக் கட்டில் கோத்து வைப்பவர். 19 வருஷம் இருந்துவிட்டு, ஐப்பசியில் மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அன்றிலிருந்து போன் எடுக்க ஆளில்லை. வாய்தா தள்ளிப்போனது தெரியாமல், நொண்டிய காலோடு கானாடுகாத்தானிலிருந்து பஸ் ஏறி வந்து திரும்பியவரும் உண்டு. மன்னிக்க வேண்டும்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. ‘விபத்து வழக்கில் 12 லட்சம் நஷ்டஈடு தீர்ப்பாகி, அந்தப் பெண் கைக்கு 2 லட்சம்தான் வந்ததாம், மீதி வக்கீலுக்காம்’ என்று ஒரு பேச்சு டீக்கடையில் தொடங்கி வாட்ஸ்அப் வரை போயிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயரைச் சொல்லாமல் கணக்கை வைக்கிறேன். திருச்சி ரோட்டில் லாரி மோதி இறந்தவருக்கு மனைவி, தாயார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தாயாருக்கு 2 லட்சம், அவர் பாஸ்புக்கிலேயே ஏறியது. பிள்ளைகளுக்குத் தலைக்கு 3 லட்சம், 18 வயதாகும்வரை வங்கியில் டெபாசிட். 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் அம்மா எடுத்துக்கொள்ளலாம். மனைவிக்கு 4 லட்சம். அதில் பாதி டெபாசிட், பாதி கைக்கு. அந்தப் பாதிதான் ஊர் பேசும் 2 லட்சம். இப்படிப் பிரித்தது நீதிமன்றம், நான் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை என்னிடம் கொடுப்பதும் இல்லை. கோர்ட்டில் கட்டுகிறது, அங்கிருந்து உங்கள் கணக்குக்கு வருகிறது.

தீர்ப்புத் தொகையில் பங்கு கேட்க வக்கீலுக்கு உரிமையே கிடையாது. பார் கவுன்சில் விதி அது. என் கட்டணம் வழக்குப் போடும் முன்பே பேசி, எழுதி, உங்கள் கையில் தந்ததுதான். பேரேட்டில் காலணா இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து கண்டுபிடித்த ஊர் இது. இங்கே பிறந்தவன், பிள்ளைகள் காசில் கை வைத்தான் என்று கேட்க நேர்ந்தது எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் தன் பாஸ்புக்கை எடுத்துப்போய் அதே கடையில் விரித்துக் காட்டினாராம். ‘எனக்கு வரவேண்டியது ஒரு ரூபாய் குறையாமல் வந்திருக்கு, பாருங்க’ என்றாராம். இப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் காலையில் கறுப்புக் கோட்டை மாட்ட மனம் வருகிறது. உங்கள் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தை முதல் புது வழக்குகளுக்குக் கட்டணம் கொஞ்சம் கூடும். சனிக்கிழமை ஆபீஸ் இருக்காது. நடக்கிற வழக்குகளுக்குப் பழைய கட்டணமேதான்.

இன்னொன்று. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காயம் ஆறட்டும், கருமாதி முடியட்டும் என்று சொந்தபந்தத்தில் யாராவது தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், நம்மிடம்தான் என்றில்லை, ஏதாவது ஒரு வக்கீலிடம் உடனே போகச் சொல்லுங்கள்.

பணம் வந்த யாருக்காவது கணக்கில் ஐயம் இருந்தால், பாஸ்புக்கையும் தீர்ப்பு நகலையும் கொண்டு வாருங்கள். மாலை 6 மணிக்கு மேல் நானே இருப்பேன். வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் வக்கீல்