மாதிரி நாடாளுமன்றம்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பள்ளி அரங்கில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறார்கள். அமைச்சரிடம் என்ன கேட்பாய் என்று எழுதி வரச் சொன்னோம். பாதித் தாள்களில் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாமும் அதைத்தானே கேட்கிறோம்? அவை உள்ளாட்சியின் வேலை. ரயில், அஞ்சல், பாதுகாப்பு, வெளியுறவு போன்றவையே டெல்லிக்குப் போக வேண்டியவை.

குடியரசுத் தலைவர், மக்களவை, மாநிலங்களவை மூன்றும் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம். மக்களவையின் 543 பேரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள். மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கிறார்கள், 12 பேர் நியமன உறுப்பினர்கள். அந்த அவை கலைவதே இல்லை. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள், அவ்வளவுதான்.

வகுப்பில் எல்லோருக்கும் பிரதமர் வேடம்தான் வேண்டுமாம். சபாநாயகராக ஒருவரும் முன்வரவில்லை. இரு தரப்பு வாக்குகளும் சமமானால் மட்டுமே அவர் வாக்களிக்கலாம் என்றதும், இருந்த ஓரிருவரும் நழுவிவிட்டார்கள்! ஆனால், 1999 ஏப்ரலில் 269க்கு 270 என ஒரே வாக்கில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்ததைச் சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

எங்கள் நிகழ்ச்சியின் உயிர் கேள்வி நேரம். மக்களவையில் காலை 11 மணிக்கு முதல் வேலை அதுதான். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலிலிருந்தே துணைக் கேள்வி கேட்கலாம். நாளொன்றுக்கு 20 கேள்விகளுக்குத்தான் அந்த வாய்ப்பு. குறியில்லாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். ஆளுங்கட்சி உறுப்பினரும் தன் அரசைக் கேட்கலாம் என்பது பல மாணவர்களுக்குப் புதுச்செய்தி. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கூச்சலை. மசோதாவை வரிவரியாக அலசும் நிலைக்குழுக்களின் கூட்டம் ஒளிபரப்பாவதில்லை; அங்கே எல்லாக் கட்சியினரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள்.

இனி வேண்டுகோள். சென்ற ஆண்டு சில பிள்ளைகள் பெற்றோர் எழுதிக் கொடுத்த உரையை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். ஒரு துணைக் கேள்வி வந்ததும் வாயடைத்து நின்றார்கள். இம்முறை உரை எழுதித் தராதீர்கள். அவர்களோடு பேசுங்கள், கேள்வியை அவர்களே எழுதட்டும். ஒரு மாணவி, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்களின் ரயில் கட்டணச் சலுகையைப் பற்றித் தன் தாத்தாவுக்காகக் கேட்டிருக்கிறாள். அந்தத் தாளில் நானே நட்சத்திரம் போட்டேன்.

கேள்விகள் வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும். நிகழ்ச்சிக்கு நீங்களும் வாருங்கள். பார்வையாளர் மாடத்தில் கைதட்ட அனுமதியில்லை என்பது நாடாளுமன்ற விதி. உங்கள் பிள்ளையே பேசினாலும் இங்கும் அதே விதிதான்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்