படித்துறை, கல்மண்டபம், மருதந்தோப்பு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருதூர் அணைக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் இருக்கும் நம் ஊர்ப் படித்துறை, கல்மண்டபம், அதை ஒட்டிய மருதந்தோப்பு மூன்றிலும் எடுத்த வேலை முடிந்துவிட்டது. பணம் கொடுத்தவர்களுக்கும், மண்வெட்டியோடு வந்து நின்றவர்களுக்கும் குழுவின் மனமார்ந்த நன்றி. வரவு செலவுக் கணக்கை மண்டபத்தில் ஒட்டியிருக்கிறோம். ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த வெள்ளம், இங்கே மண்டபத்தின் கூரை வரை ஏறியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், தோப்பைச் சுற்றிக் கட்டியிருந்த சிமெண்ட் சுவர் அடியோடு போயிருந்தது. மண்டபம் அப்படியே நின்றது. நாலு பக்கமும் திறந்த தூண்கள், வந்த தண்ணீர் ஊடே புகுந்து போய்விட்டது. கட்டியவர்கள் ஆற்றை அறிந்து கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் மறுபடி சுவர் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மாடு நுழையுமே என்று சிலருக்கு வருத்தம். கன்று ஒவ்வொன்றுக்கும் கருவேல முள் கட்டியிருக்கிறோம், அது போதும். தரையில் டைல்ஸும் பதிக்கவில்லை. நிழலுக்கு மருது, நாவல், புன்னை, இலுப்பை வைத்திருக்கிறோம்.

அதிக நாள் பிடித்தது சுண்ணாம்பு வேலைதான். மேல்தளத்தில் எப்போதோ பூசிய சிமெண்ட், ஈரத்தை வெளியே விடாமல் அடியில் இருந்த பழைய காரையை உதிர்த்துக்கொண்டிருந்தது. அதை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தோம். விரிசலில் முளைத்த அரசங்கன்றுகளை வெட்டி, வேரில் துளையிட்டுப் பெருங்காயம் வைத்து அடைத்தோம். அது கோயில் வேலைக்காரர்கள் பழகிய முறை. அப்புறம் சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்தோம். பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகள் கருப்பட்டி வாசத்துக்கே தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யும் மெஷின் வேண்டாம் என்றோம். அழுக்கோடு கல்லின் மேல்தோலையும் அது எடுத்துவிடும். தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துக் கையால் தேய்த்தோம். அப்படித் தேய்த்தபோதுதான் ஐந்தாவது படியில், பாசிக்கு அடியில், விரல் நீளத்தில் செதுக்கிய இரண்டு மீன்கள் தெரிந்தன, ஒன்றையொன்று பார்த்தபடி. இந்தப் படியிலேயே குளித்து வளர்ந்த பெரியவர்கள்கூட அவற்றைப் பார்த்ததில்லை.

தோப்பில் குழி வெட்ட ஜேசிபியைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. ஆற்றோடு கீழே போனால் ஆதிச்சநல்லூர். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டி எடுத்த பழம்பொருட்கள் சென்னைக்குப் போய்விட்டன. அந்த மண்ணிலேயே ஓர் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்ட 2023 ஆகஸ்ட் வரை ஆனது. இதே மாவட்டத்துச் சிவகளையில், ஈமத்தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் சொன்னார்கள். இப்படிப்பட்ட மண்ணில் இரும்புக் கையை விட மனம் வரவில்லை. இனிமேலும் இங்கே யார் தோண்டினாலும், பானை ஓடு தட்டுப்பட்டால் அப்படியே நிறுத்திவிட்டு வருவாய்த் துறைக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

ஆற்றைச் சுத்தம் செய்ததை மட்டும் முடிந்த வேலை என்று எழுத முடியவில்லை. முழுக்குப் போட்டுவிட்டு விடும் துணிகள் மேலேயிருந்து மிதந்து வந்து வேரில் சுற்றிக்கொள்கின்றன. ஒரே மருதமரத்து வேரிலிருந்து ஒரு நைலான் சேலையை உருவ மூன்று பேருக்கு அரை நாள் ஆனது. சாக்கடை கலக்கும் வரை அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) திரும்பத் திரும்ப வரும். அதைப் பற்றி மனு கொடுத்தோம். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது. விடாமல் கேட்போம்.

ஆற்றுப் புறம்போக்கு அரசுடையது, சரி. ஆனால் ஆறுகளைக் காப்பதையும் மரபைப் பேணுவதையும் அரசியலமைப்பின் 51அ பிரிவு நம் ஒவ்வொருவரின் கடமையாகவும் வைத்திருக்கிறது. படியில் சீயக்காய்ப் பாக்கெட்டை வீசுபவரிடம் "எடுத்துப் போடுங்கண்ணே" என்று சொல்ல எந்த உத்தரவும் வேண்டாம்.

வடக்கு ஓரத்தில் மூன்று படிகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் எடுப்போம். கடப்பாரையும் மண்வெட்டியும் மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கின்றன.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்